நான் பின்னோக்கி இறங்குவதன் காரணம்

இதை வாசிப்பவர்களுக்கு, எழுதுகிறவன் யார் என்பதை முதலில் தெரிவித்துவிடுவதே முறை. ஹட்டனுக்குச் சமீபமாக உள்ள ஒரு பெரிய தேயிலைத் தோட்டத்தின் காரியாலயத்தில் நான் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து மக்கள் அந்தப் பதவியைப் ‘பெரிய கிளாக்கர்’ என்பார்கள். தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, ஆங்கிலத்தில் பிழையின்றிக் கடிதம் வரையத் தெரிந்துகொண்டு திரும்பியவர் என் காலத்தில் எங்கள் தோட்டத்தில் வேறொருவர் இல்லை. துரைமார் வந்தார்கள், மாறினார்கள். இரும்புப் பெட்டியைப் பூட்டும் திறப்பு என்னிடமே இருந்தது.

என் தகப்பனார் அதே காரியாலயத்தின் ஜன்னலுக்கு வெளியே, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூன் இல்லாத முதுகைக் கூனாக்கி நின்றதை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். அந்த ஜன்னலுக்கு உட்புறம் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்த நாள் முதல் நான் எவர் முன்னிலையிலும் குனிந்ததில்லை. சப்பாத்து நாடாவைக்கூட அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டே கட்டுவேன். என் நடையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் பேச்சை நிறுத்துவார்கள். இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

ஓய்வு பெற்ற சிறிது காலத்தில் என் மனைவி காலமானார். ஒரே மகன் செல்வராஜா கொழும்பில் தொழில் செய்கிறான். தோட்ட எல்லைக்கு வெளியே, பிரதான வீதிக்கு மேலே ஒரு மேட்டில் நான் கட்டிய வீட்டில் தனியே இருந்தேன். வீதிக்கு இறங்க, தேயிலைச் செடிகளை ஒட்டி வெட்டிய படிகள் மட்டுமே உண்டு. எனக்கு எஞ்சியிருந்தது நடை ஒன்றுதான். பிற்பகல்களில் குடையும் கையுமாகப் புறப்பட்டு, கொழுந்து மலைகளைக் கடந்து காட்டோரம் வரை ஏறித் திரும்புவேன். கூட வருவதற்கு எவரும் இல்லை. ஒரு காலத்தில் தங்கள் சம்பளத்தில் கை வைக்கும் அதிகாரம் பெற்றிருந்தவனோடு உலாவப் போக யாருக்கு மனம் வரும்?

வலி இடது பிட்டத்தில் தொடங்கியது. சில மாதங்களில் தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்காலைப் பிடித்தது. குத்தும் வலி அல்ல. ஈரச் சாக்கைக் காலில் கட்டி இழுத்துச் செல்வதுபோன்ற பாரம், அதற்குள் ஒரு எரிவு. சற்று உட்கார்ந்தால் அடியோடு மறைந்துவிடும். எழுந்து நடந்தால் திரும்பவும் வரும். விசித்திரம் என்னவென்றால், மேட்டில் ஏறும்போது அது என்னைத் தொடுவதில்லை. இறங்கும்போதும் சமதரையில் நடக்கும்போதும்தான் வரும்.

இதை நான் எவருக்கும் தெரிவிக்கவில்லை. வழியில் மதகுக் கட்டுகளில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கை ஆராய்பவன்போல் இருப்பேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்ததுண்டு.

“பெரிய கிளாக்கர் ஐயா இன்னமும் மலைய எண்ணிக்கிட்டு இருக்காரு பாரு.”

“கம்பனிக்காரன் பென்சன் குடுத்தாலும் அவரு விடமாட்டாருடி. பேரு பதிஞ்சிட்டுத்தான் போவாரு.”

சிரித்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடையைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்: ஏறுவதற்குக் கால்கள், இறங்குவதற்குப் பஸ். வீட்டுப் படிகளை மட்டும் இடையிடையே உட்கார்ந்து இறங்குவேன். பஸ்ஸில் லிந்துலைக்குப் போய், அங்கிருந்து மேலே செல்லும் தோட்டப் பாதையில் ஏறி, தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து புறப்படும் பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவேன். இப்படி நான் முன்பு கண்டிராத மலைகளையெல்லாம் வலியோடு இருந்த காலத்தில்தான் கண்டேன். ஒரு முறை கந்தப்பளைக்கு மேலே, மரக்கறிப் பாத்திகளைத் தாண்டி, கருப்பந்தைலம் என்னும் யூக்கலிப்டஸ் மரங்களின் வாசனைக்குள் ஏறிக்கொண்டிருந்தேன். மூடுபனி சற்று விலகிய இடத்தில், ஓடைக்குள் ஒரு மரை மான் தன் குட்டியுடன் நின்றது. என்னைப் பார்த்தது, ஓடவில்லை. குட்டி மட்டும் தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் நித்திரையாகிவிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டேன். அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

அந்த ஏற்பாடு பஸ்ஸை நம்பியது. ஒரு நாள் மேலிருந்து வரவேண்டிய பஸ் வரவில்லை. மண் சரிந்து வழி அடைபட்டதாகப் பின்னர் அறிந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இறங்கத் தொடங்கினேன். இரண்டாம் வளைவில் இரு கால்களும் என்னுடையவை அல்ல என்பதுபோல் மரத்துப்போயின. வீதியோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். லீக்ஸ் மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர் ஒருவர் என்னை மூட்டைகளுக்கு நடுவே ஏற்றி, அரசாங்க வைத்தியசாலை வாசலில் இறக்கினார். அப்படித்தான் நான் அங்கே சென்றடைந்தேன்.

வெளிநோயாளர் மண்டபத்தில் நீண்ட நேரம் காத்திருந்தேன். ஒரு பெண் எழுந்து இடம் தந்தார். மறுத்துவிட்டு நின்றேன், பிறகு நிற்க இயலாமல் அதே இடத்தில் உட்கார்ந்தேன். வைத்தியர் இளவயதுச் சிங்களப் பெண்மணி. நிதானமான தமிழில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் கூறினேன்.

“நடந்தா வலி வருது. என்ன செஞ்சா போகும், ஐயா?”

“நிறுத்திக்கொண்டால் போய்விடும்” என்றேன். உட்கார்ந்தால் என்று சொல்லவில்லை. வழியில் கண்ட இடமெல்லாம் உட்காரும் மனிதன் என்று என்னைப் பற்றி ஒரு வைத்தியசாலைக் காகிதத்தில் எழுதப்படுவதை நான் விரும்பவில்லை.

“குனிஞ்சா, எதுலயாவது சாஞ்சா, குறையுதா?”

“நான் குனிவதில்லை.”

அது உண்மையான பதில். ஆனால் இதன் விளைவை விளக்கவேண்டும். நடக்கும்போது காலில் வலி வருவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடுவது. அந்த நோயாளி வெறுமனே நின்றாலே வலி அடங்கிவிடும். மற்றது, முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் வழி ஒடுங்குவது. அந்த நோயாளிக்கு நின்றால் போதாது. உட்கார வேண்டும் அல்லது முன்னே குனிய வேண்டும். வைத்தியர் கேட்ட இரண்டு கேள்விகளும் இவற்றைப் பிரித்தறியத்தான். என் பதில்களை வைத்து அவர் இரத்தக் குழாயைச் சந்தேகித்து, எனக்கு வாட்டில் ஒரு கட்டில் கொடுத்து என்னை நிறுத்திக்கொண்டார். முதுகை எவரும் பார்க்கவில்லை.

குளிர்ந்த பசை தடவி, ஒலி அலைகளால் கால் குழாய்களைப் பார்த்தார்கள். கைக்குக் கட்டும் இரத்த அழுத்தப் பட்டியைக் கணுக்காலுக்குக் கட்டி அளந்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நடைக்கூடம், ஒவ்வொரு கூடத்திலும் காத்து உட்கார ஒரு வாங்கு. குழாய்களில் பெரிய குறையொன்றும் இல்லை என்று வந்தது. வலி மட்டும் இருந்தது. நோயின் பெயர் தெரியாமல் படுத்திருக்கும் இரவுகளில் ஒருவன் தானே பெயர்களை வைத்துப் பார்க்கிறான். எனக்கு அச்சம் சாவைப் பற்றியது அல்ல. இறங்க முடியாதவன் அந்த மேட்டு வீட்டில் இருக்க முடியாது. மகனின் மாடிக் குடியிருப்பில் ஒரு ஜன்னலோரம்தான் மிச்சம். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை எல்லோரும் அண்ணன் முறையில் ஹமீது நானா என்பார்கள். ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சீனி வியாதியால் பாதத்தில் புண், காலை ஊன்றக்கூடாது. வாய்க்கு அந்தத் தடை இல்லை.

“கிளாக்கர் ஐயா, படுத்தாலும் கோட்டுச் சூட்டுப் போட்ட மாதிரியே படுக்கிறீங்களே. கொஞ்சம் சரிஞ்சு படுங்க, கட்டிலு ஒங்களப் பாத்துப் பயப்படுது.”

பார்வையாளர் நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். என் மகன் தொலைபேசியில் தினமும் பேசினான். வார இறுதியில் வருவதாகச் சொன்னான். ஆகவே அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு உறங்குபவன்போல் கிடப்பேன். ஒரு நாள் நானாவின் மனைவி, சத்தமில்லாமல், என் தலைமாட்டு மேசையில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்து, அதன்மேல் ஒரு சோசரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர்கள் எல்லோரும் போன பிறகு எழுந்து, ஆறிப்போன அந்தத் தேநீரைக் குடித்தேன். மறுநாளும் வைத்தார். அதற்கு மறுநாளும்.

ஒரு பிற்பகல் நானாவுக்கு வராந்தாவுக்குப் போகவேண்டும் என்று ஆசை. சிற்றூழியர் எவரும் அருகில் இல்லை.

“ஐயா, இந்தச் சக்கர நாற்காலியக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன். பெரிய கிளாக்கரே தள்ளின வண்டியில போனவன் இந்த ஹட்டன்லயே நான் ஒருத்தன்தான்னு கடையில போர்டு வச்சிருவேன்.”

அவர் மனைவியின் தேநீருக்கு நான் கடமைப்பட்டிருந்தேன். எழுந்து தள்ளினேன். அந்த நாற்காலியின் கைப்பிடிகள் தாழ்வானவை. முன்னே சாய்ந்துதான் தள்ள முடியும். வராந்தாவின் கோடி வரை போனோம். மலையைப் பார்த்தோம். திரும்பி வந்தோம். நானாவுக்குப் போதவில்லை, மறுபடியும் போனோம்.

“என்னங்க ஐயா, நிக்காமப் போறீங்க? நர்ஸ் மேசையத் தாண்டினா ஒங்களுக்குக் கால் நின்னுருமே?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வலி இல்லை. வராந்தாக் கோடியில் வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார்.

“ஐயா, வலி இருக்கா?”

“இல்லை.”

“நாற்காலிய விடுங்க. நிமிர்ந்து நடந்து வாங்க.”

வழக்கம்போல் நிமிர்ந்து நடந்தேன். நர்ஸ் மேசை வருவதற்குள் ஈரச் சாக்கு காலில் ஏறிவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“நாங்க கால்ல தேடினோம். நோய் முதுகுல இருக்கு” என்றார் அவர். நான் கூறிய பதில்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுக்க, மகன் வந்து என்னைக் கண்டிக்கு அழைத்துச் சென்றான். குழாய் போன்ற ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள், தகரத்தில் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும், அசையக்கூடாது, வலி கிடையாது. உள்ளே போகுமுன் என் கண்ணாடியையும் மோதிரத்தையும் மகனிடம் கொடுத்தேன். வெளியே வந்தபோது அவன் அவற்றைச் சட்டைப் பையில் வைத்து, பையின்மேல் கையை அழுத்தியபடியே நின்றிருந்தான். பணம் கட்டிய சீட்டை நான் காணாதபடி மடித்துக்கொண்டான்.

படத்தைக் காட்டி வைத்தியர் விளக்கினார். முதுகெலும்பின் நடுவே ஒரு கால்வாய் உண்டு. கால்களுக்கான நரம்புகள் அதன் வழியே கட்டாக இறங்குகின்றன. வயதாக ஆக எலும்பும் தசைநாரும் தடித்து, கால்வாய் ஒடுங்கிவிடுகிறது. நிமிர்ந்து நின்றால் மேலும் ஒடுங்கும். முன்னே சாய்ந்தால் சற்று விரியும். ஏறும்போது உடல் தானாகவே முன்னே சாய்கிறது. இறங்கும்போது பின்னே வளைகிறது. என் வலியின் மர்மம் அவ்வளவுதான். நான் எதைக் கொண்டு என் மதிப்பைக் காத்து வந்தேனோ, அதுவே ஒவ்வோர் அடியிலும் என் நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது.

சத்திரசிகிச்சை உண்டு, சோதனைகளில் தெரியவந்த என் இருதயக் குறையால் இப்போது வேண்டாம் என்றார். பயிற்சியும், சாய்ந்து நடப்பதும் போதும். வலி முற்றாகப் போகாது, அதோடு வாழப் பழகவேண்டும். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று இரு முறை சொன்னார். இதே நோயுள்ளவர்கள் அதைக் கவனத்தில் கொள்க.

மகன் வாட்டுக்கு வெளியே என்னிடம் பேசினான்.

“அப்பா, ஏறுறது சரி. எறங்குறது? நூறு படி இருக்கு. ஒரு சாமான் வாங்கணும்னாலும் எறங்கணுமே. எங்களோட வந்திருங்கப்பா. லிப்ட் இருக்கு.”

“லிப்டில் ஏறி எந்த மலைக்குப் போவது?”

“நீங்களா எறங்கிக் காட்டுங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன்.”

உடற்பயிற்சிப் பிரிவில் இருந்த இளைஞர் அதற்கு வழி சொன்னார்: கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல்படிகளைப் பார்த்தபடி, முன்னே சாய்ந்து, பின்பக்கமாகக் காலை வைத்து இறங்குவது. ஏணியில் இறங்குவதுபோல. வைத்தியசாலைப் படிக்கட்டில் செய்யச் சொன்னார். பார்வையாளர் நேரம், மறுத்துவிட்டேன். கூட்டம் கலைந்த பின்பு செய்தேன். மேலே சக்கர நாற்காலியில் இருந்து ஹமீது நானா சத்தம் போட்டார்: “ரிவர்ஸ்ல வாங்க ஐயா, ரிவர்ஸ்! ஹோர்ன் அடிச்சுக்கிட்டே வாங்க!” முதல் தடவையாக அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. படி முடிந்தபோது வலி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் லீவு போட்டுக்கொண்டு, நானாவின் கடையிலிருந்து இரும்புக் குழாய் எடுத்துவந்து, படிகளின் ஓரமாக வீதி வரை கைப்பிடி அமைத்தான். சீமெந்து இறுகியதும், ஒரு காலை, அவன் கீழே நிற்க, நான் இறங்கினேன். படிகளுக்கு அருகே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கு என்னை ஆயத்தப்படுத்தியிருந்தேன். சிரிப்பு எழவில்லை. ஒருத்தி கையிலிருந்த கொழுந்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். பிறகு எல்லோரும் கும்பிட்டார்கள்.

காரணம் மாலையில் விளங்கிற்று. என் வீட்டுக்கு மேலே, மலை முகட்டில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. சந்நிதிக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறுவது எங்கள் மக்களின் வழக்கம். ஆஸ்பத்திரி கைவிட்டதும் பெரிய கிளாக்கர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார், அம்மன் காலைக் கொடுத்தாள், அதனால் வீதி வரை அவளுக்கு முதுகு காட்டாமல் இறங்குகிறார் என்று கதை பரவிவிட்டது. மகன் தன் வாக்கைக் காப்பாற்றி, ஒன்றும் பேசாமல் கொழும்புக்குத் திரும்பினான்.

நான் அந்தக் கதையை மறுக்கவில்லை. முதுகு கெட்ட கிழவன் என்பதைவிடப் பக்தன் என்பது கௌரவமானது. கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்தார்.

“ஐயா, திருவிழாவுல ஒங்களுக்குப் பொன்னாடை போத்தணும்னு கமிட்டியில பேசிட்டோம்ங்க. நீங்க மறுக்கக் கூடாது.”

“பார்க்கலாம்” என்றேன்.

அடுத்த வாரம், நான் படியோரத்தில் நிற்கையில், பாக்கியம் எதிரே வந்தாள். பல காலம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவளும் அதே வைத்தியசாலையின் கிளினிக்கில் சீனி வியாதிக்கும் கால் நோவுக்கும் மருந்து எடுப்பவள். அவள் கால் பெருவிரல் நுனி கறுத்திருந்தது.

“கிளினிக் நாளைக்குத்தானே?” என்று கேட்டேன்.

“போகலைங்க ஐயா. ஒங்களுக்குக் குடுத்த ஆத்தா எனக்குக் குடுக்க மாட்டாளா? ஒங்கள மாதிரியே எறங்குறேன்னு நேந்துக்கிட்டேன்.”

“அது நேர்த்தி இல்லை, பாக்கியம். எனக்கு முதுகில் நோய். அப்படி இறங்கினால் வலிக்காது. அவ்வளவுதான்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பெரியவுங்க அப்புடித்தாங்க சொல்லுவாங்க. நேந்தத வெளிய சொன்னா பலிக்காதே.”

வாயால் சொல்லிப் பயனில்லை என்று கண்டேன். கொழுந்து பறிப்பவர்கள் அருகில்தான் நின்றார்கள். “இங்கே பார்” என்று சொல்லி, கைப்பிடியை விட்டு, வீதியை நோக்கித் திரும்பி, நிமிர்ந்து இறங்கினேன். பாதி வழியில் கால்கள் மடங்கின. படியில் விழுந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பாக்கியமும் இன்னொரு பெண்ணும் ஓடிவந்து என் கக்கத்தில் கை கொடுத்தார்கள். அவர்கள் தோளில் தொங்கிக்கொண்டு, வளைந்து, எல்லோரும் பார்க்க நின்றேன்.

“அம்மன் குடுத்த கால் இதுதானா, பாக்கியம்? நோவு அப்படியே இருக்கு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப கும்புடலையாங்க?”

“இல்லை. நோவுக்குத்தான்.”

மறுநாள் அவளை நானே பஸ்ஸில் கூட்டிச் சென்றேன். வைத்தியர் விரலைப் பார்த்ததும் அவளை வாட்டில் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு இருந்தது, என்னிடம் தேடிக் காணாத அந்த இரத்தக் குழாய் அடைப்பு. விரலைக் காப்பாற்ற முடியாது, காலைக் காப்பாற்றலாம் என்றார். நேரத்துக்கு வந்தது நல்லது என்றும் சொன்னார். பார்வையாளர் நேரத்தில் நான் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

பொன்னாடையை மறுத்துவிட்டேன். கமிட்டித் தலைவர் என் அடக்கத்தைப் பற்றி இப்போதும் மேடையில் பேசுகிறாராம். இந்த மலைகளில் என்னைப் போல் வலியோடு நடப்பவர்கள் இன்னும் பலர் உண்டு. அவர்களில் எவரும் அந்தப் பேச்சை நம்பிக் கிளினிக்கைத் தவறவிடக்கூடாது. ஆகவே எழுத்தில் தெரிவிக்கிறேன். நான் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை. எனக்குக் குணமாகவில்லை. வைத்தியசாலை என்னைக் கைவிடவில்லை. நான் அம்மனைப் பார்த்தபடி இறங்குகிறேன் என்பதும் தவறு. அந்தப் படிகளிலிருந்து கோயில் தெரியாது. சவுக்கு மரங்கள் மறைக்கின்றன. பின்னோக்கி இறங்கும்போது தெரிவது என் வீட்டு வாசல் மட்டுமே. அது பூட்டியிருக்கும்.